வண்டிக் காவல்

அறப்பளி முதல் தடவை என் பட்டறைக்கு வந்தபோது, வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் அவன் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. போய்க் கண்ணாடியைத் தட்டி என்ன கோளாறு என்று கேட்டேன். ஏற்றத்தில் நின்றுவிடுகிறது என்றான். நிற்கிற வண்டியைத்தான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள், ஓடுகிற வண்டியோடு யார் இங்கே வரப்போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

என் பட்டறை கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. 'மாதேஸ்வரி ஆட்டோ ஒர்க்ஸ்' என்று பலகையில் போட்டிருக்கும்; மாதேஸ்வரி நான்தான். நான் சொல்லும் காலத்தில் சமவெளியில் பத்துக்கு ஒன்பது வண்டி மின்சாரத்துக்கு மாறிவிட்டது. டீசல் போகிறதே என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. பேட்டரி வண்டியையும் எனக்குப் பிரித்து மாட்டத் தெரியும், அதில் கை அழுக்காவதும் குறைவு. மலைமேல் மட்டும் தனி அனுமதி வாங்கிய பழைய டீசல் கார்கள் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அறப்பளியுடையது.

அவன் ஊர் குழிவளவு. மலை உச்சிக்குப் போய், அங்கிருந்து மறுபக்கம் ஒன்பது வளைவு இறங்கினால் வரும். நாற்பது வீடுகள், நாலு பக்கமும் மலைச்சுவர். ஆஸ்பத்திரி மலை உச்சியில் இருக்கிறது. ஆகவே அந்த ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் ஏறியாக வேண்டும். அரசாங்கத்து மின்சார வேன் திரும்புகிற அளவுக்கு அந்தப் பாதையில் அகலம் கிடையாது. ஊருக்கெல்லாம் சேர்த்து இவன் கார் ஒன்றுதான்.

பத்து நாளைக்கு முன்பு பாவாயி என்ற பெண்ணுக்கு வலி எடுத்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். தலைச்சன் பிரசவம். ஏழாவது வளைவில் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. ஆட்கள் ஓடிவந்து தள்ளி, மறுபடி ஸ்டார்ட் ஆகி மேலே போக முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. அழவில்லை. இதையெல்லாம் அவன் ஏதோ வேறு ஒருவனுக்கு நடந்ததைப் போல, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். நினைத்ததுதான். இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து, விரல் நுழையும் துவாரம் பென்சில் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. கழற்றிக் காட்டினேன். அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டான்.

"இஞ்சின் விடற புகையில கொஞ்சத்தை இது திரும்ப இஞ்சினுக்கே ஊட்டி விடும்."

"எச்சிலை எதுக்குங்கக்கா திரும்ப ஊட்டணும்?"

"உள்ள ரொம்பச் சூடா எரிஞ்சா, காத்துல இருக்கற நைட்ரஜனும் சேர்ந்து எரிஞ்சு விஷமா வெளிய வரும். பழைய புகையைக் கொஞ்சம் கலந்தா சூடு கொறையும், அந்த விஷமும் கொறையும். ஆனா புகையில இருக்கற கரி இந்த வால்வுலயே படிஞ்சுக்கும். நீ ஓட்டறதெல்லாம் சின்னச் சின்ன ஓட்டம். இஞ்சின் சூடேறி கரியை எரிக்கறதுக்குள்ள ஊர் வந்துருது. அதான் அடைச்சுக்குது."

இரண்டு வழி இருக்கிறது என்றேன். ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுவந்து சுத்தம் பண்ணிக்கொண்டு போவது. இன்னொன்று, அதைக் கழற்றிவிட்டு வாயில் தகடு வைத்து அடைத்துவிடுவது. இரண்டாவது செய்தால் வண்டி ஆடு மாதிரி ஏறும், ஆனால் விஷத்தைத் தடுக்க எதுவும் இருக்காது.

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஊரிலிருந்து ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி என்னிடம் வந்து திரும்பிப் போக ஒரு முழு நாள். அந்த ஒரு நாள் குழிவளவில் வண்டி இருக்காது. அன்றைக்குப் பார்த்து யாருக்காவது வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டான்.

அந்த வருடம்தான் மூச்சுச் சட்டம் வந்திருந்தது. அதையும் அவனுக்குச் சொன்னேன். டீசல் வண்டி ஒவ்வொன்றின் டாங்கிலும் அரசாங்கமே ஒரு மாத்திரை போடும். வண்டிக்கு ஒரு மாத்திரை, கைரேகை மாதிரி, ஒன்று போல இன்னொன்று இருக்காது. அந்த வண்டியின் புகை யார் நெஞ்சுக்குள் போனாலும் அந்த ரேகை அங்கே தங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் ஊதினால் எந்த வண்டி எத்தனை புள்ளி என்று தாளில் வந்துவிடும். ஒரே வண்டி பத்துப் புள்ளியைத் தாண்டினால் வண்டிக்காரருக்குக் கடிதம் போகும். அபராதம் கிடையாது, வழக்கு கிடையாது. அந்த நோயாளிக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு 'உட்காரும் சட்டம்' என்று பெயர் வைத்து ஊரே சிரித்தது. ஒரு வருடம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. அபராதம் என்றால் கட்டிவிட்டுப் போயிருப்போம், இப்படி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்கிறார்களே என்று எத்தனையோ பேர் வண்டியையே விற்றுவிட்டார்கள்.

அறப்பளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடைச்சுருங்கக்கா" என்றான்.

அடைத்தேன். இரண்டு மில்லிமீட்டர் தகட்டை வெட்டி, போல்ட்டுக்குத் துளை போட்டு, வால்வு இருந்த வாயில் வைத்து முறுக்கினேன். வால்வு இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது என்று வண்டியின் மூளையை நம்பவைக்க, தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் மாட்டினேன். கழற்றிய வால்வை எங்கள் தொழில் வழக்கப்படி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவனிடமே கொடுத்தேன். அந்த வால்வுகளை நான் எத்தனை கழற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு அது சரியான காரியமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் படுகிறது.

அதற்கப்புறம் அந்த வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆறு வருடத்தில் முப்பத்தொரு பிரசவத்துக்கு மேலே போயிருக்கிறது. முப்பத்தொன்றும் நல்லபடியாகவே முடிந்தது. வருடத்துக்கு ஒரு தடவை டயருக்கோ பிரேக்குக்கோ அறப்பளி வருவான், பிறந்த குழந்தைகளின் பெயரை வரிசையாகச் சொல்லுவான். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். வாழைப்பழமும் மிளகும் கொண்டுவந்து கொடுப்பான். வேண்டாம் என்று சொல்லுகிற நல்ல குணம் எனக்கு இல்லை.

மூன்றாவது வருடம் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டான். அந்த ஆறு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் குழிவளவுக்குப் போனேன். அன்றைக்குத்தான் அந்த ஊர்க்காரர்கள் ஏற்படுத்தி வைத்திருந்த வழக்கத்தைப் பார்த்தேன். அதற்கு வண்டிக் காவல் என்று பெயர். ஒரு பெண்ணுக்கு மாதம் நெருங்கிவிட்டால் அறப்பளியின் கார் அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மூக்கை ஏற்றத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார்கள். பானெட்டில் மஞ்சள் பூசி, ஒரு கொத்து வேப்பிலை செருகியிருக்கும். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி இஞ்சினை ஓடவிடுவார்கள். வண்டி தயாராக இருக்கிறது என்று உள்ளே படுத்திருக்கிறவள் காதில் விழ வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

நான் போனது காலை எட்டு மணிக்கு. பனி இறங்கி, மலைச்சுவருக்குள் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால்தான் அது அசையும் என்றார்கள். அந்தப் பனிக்குள் ஒரு வீட்டு வாசலில் அறப்பளியின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. புகை கண்ணுக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் கருப்பாகக் கக்கும், நீங்கள் கைவைத்த பிறகு எவ்வளவு சுத்தமாகிவிட்டது பாருங்கள் என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

வால்வை எடுத்தால் கரி குறையும். அதனால் புகை வெளுப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த நைட்ரஜன் விஷம் பல மடங்கு கூடியிருக்கும். பனிக்குள் நின்ற எனக்கு மூக்கில் அந்தக் காரமான வாடை ஏறியது, கண் ஓரத்தில் எரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மூடிய குழி, அசையாத காற்று, வாசலில் வண்டி, உள்ளே நிறைமாதப் பெண். பந்தியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சொன்னால் விருந்து கெட்டுப்போகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மலையிறங்கினேன். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது வருடம் கடிதங்கள் வந்தன. ஒன்றல்ல, பதினொன்று. குழிவளவுப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டு எல்லோரையும் குழாயில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது குழந்தைகளும் இரண்டு தாய்மார்களும் பத்துப் புள்ளியைத் தாண்டியிருந்தார்கள். சில குழந்தைகளுக்கு அறுபது. எல்லாத் தாளிலும் ஒரே ஒரு வண்டி எண்.

அறப்பளி பஸ்ஸில் வந்தான். வண்டி எங்கே என்று கேட்டேன். பாவாயி வீட்டு வாசலில் காவலுக்கு நிற்கிறது என்றான். ஆறு வருடத்துக்கு அப்புறம் இப்போதுதான் அவளுக்கு மறுபடி தங்கியிருக்கிறது, இன்னும் இருபது நாள். அங்கிருந்து வண்டியை ஒரு அடி நகர்த்த விடமாட்டேன் என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

கடிதங்களை என் மேசைமேல் சீட்டுக்கட்டு போலப் பரப்பினான். எல்லாம் அவனே கூட்டிக்கொண்டு போன பெண்களும் அவர்கள் குழந்தைகளும். பெயர் வைக்கும்போதுகூட அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

"புகையே தெரியலீங்களேக்கா. எப்படி இத்தனை?"

இனிமேலும் மென்று விழுங்க முடியவில்லை. காதுகுத்து அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்து உறையில் போட்டான். பழைய வால்வைத் திரும்பப் போட்டால் வண்டி நிற்குமா என்று மட்டும் கேட்டான். சுத்தம் பண்ணிப் போட்டால் இரண்டு மாதத்துக்கு நிற்காது, பாவாயிக்குப் பிரசவம் ஆனதும் வண்டியைக் கொண்டுவா, போட்டுத் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினான். வெள்ளிக்கிழமை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றான். நானும் வருகிறேன் என்றேன்.

"உங்களுக்குக் கடுதாசி வரலீங்களே."

எப்படி வரும்? டாங்கில் போடும் மாத்திரை வண்டியின் பெயரைச் சொல்லும், ஓட்டுகிறவன் பெயரைச் சொல்லும். ஸ்பேனர் பிடித்த கையின் பெயர் எந்த மூச்சிலும் வராது. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். மலையில் எங்கே போனாலும் கருவிப் பெட்டி இல்லாமல் நான் போவதில்லை; அதை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் அறப்பளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே தாய்மார்களும் குழந்தைகளும். சுவரோரமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாவாயி. அவளுக்குக் கடிதம் சம்பந்தமில்லை. கர்ப்பிணிகளை முகாமில் ஊதச் சொல்லவில்லை. சும்மா கேட்கலாம் என்று வந்திருந்தாள்.

சட்டத்தின் சார்பில் சேலத்திலிருந்து வந்திருந்தவர் ரெஜினா. முப்பது வயதிருக்கும், தொண்டை கட்டியிருந்தது, அடிக்கடி தண்ணீர் குடித்தார். யாரையும் குற்றவாளி என்று சொல்ல இது கோர்ட் இல்லை, ஒரு மணி நேரம் எதிரெதிரே இருந்தால் போதும், பேச இஷ்டமிருந்தால் பேசலாம் என்றார். யார் யார் மூச்சில் எத்தனை புள்ளி என்று படித்தார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே மேடம் என்றார்.

எழுந்து நின்று சொன்னேன். வால்வைக் கழற்றியது நான், தகடு வைத்தது நான், இந்தப் புகை சுத்தமானது இல்லை என்று மூன்று வருடத்துக்கு முன்னாலேயே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். இந்தத் தாளில் அதை எழுத இடமில்லை என்று ரெஜினா சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

ஒரு குழந்தை இருமியது. அதன் அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, சேலத்தில் இதைவிட எத்தனை வண்டி, அங்கே எத்தனை பேரை உட்கார வைத்தீர்கள் என்று கேட்டாள்.

"ஒருத்தரையும் இல்லைங்க" என்றார் ரெஜினா. "அங்க ஒருத்தர் மூச்சுல மூவாயிரம் வண்டி இருக்கும். ஒவ்வொண்ணும் அரைப்புள்ளி, கால்புள்ளி. பத்தைத் தாண்டறதே இல்லை. உங்க ஊர்ல ஒரே வண்டிங்கறதால இவர் மாட்டிக்கிட்டார்."

அப்படியென்றால் இது என்ன நியாயம் என்று அந்தப் பெண் கேட்டாள். ரெஜினா தண்ணீர் குடித்தார். இன்னொருத்தி, அறப்பளி அண்ணன் இல்லையென்றால் இந்தப் பிள்ளையே இல்லை, அவரை எதற்கு எங்கள் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார வைக்கிறீர்கள் என்றாள். வண்டியை இப்படியே விட்டுவிடுங்கள், இருமல் வந்தால் மருந்து வாங்கிக்கொள்கிறோம், ஏற்றத்தில் நிற்கிற வண்டி எங்களுக்கு வேண்டாம் என்றாள். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அறப்பளி தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது சுவரோரத்திலிருந்து பாவாயி பேசினாள். என்னைத்தான் கேட்டாள்.

"அக்கா, அதைக் கழட்டாம சுத்தம் பண்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம்."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"ரெண்டு மாசத்துக்கு."

"பெரிய மிஷின் எதுவும் வேணுமா?"

"வேண்டாம். ஸ்பேனரும், ஒரு பிரஷ்ஷும், கரி கரையற மருந்தும் போதும்."

அவள் யோசித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப நீங்க வந்திருக்கலாமே."

எங்கள் தொழிலில் வண்டிதான் மெக்கானிக்கிடம் வரும். அதுதான் முறை. ரோட்டில் நின்றுபோன வண்டிக்குப் போவோம். ஓடுகிற வண்டியைத் தேடிப்போய் யாரும் சுத்தம் பண்ணுவதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவனும் நானும் பானெட்டுக்குக் குனிந்து நின்று, வண்டி கீழே வந்துபோக ஒரு நாள் ஆகுமே என்று அவ்வளவு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். நான் மேலே போகலாம் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காலை முதல் பஸ்ஸில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். வருடத்துக்கு ஆறு நாள். மூன்று நாளைக்கு முன்புகூட, பிரசவம் ஆனதும் வண்டியைக் கொண்டுவா என்றுதானே சொன்னேன்? யாரும் என்னைக் கூப்பிடவில்லையே என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. நல்லவேளை, அங்கேயே நின்றுவிட்டது.

"வந்திருக்கலாம்" என்றேன்.

ரெஜினா பேனாவை எடுத்து அந்தத் தாளின் பின்பக்கம் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. வெளியே வந்து கருவிப் பெட்டியைத் திறந்தேன். அறப்பளி வீட்டுப் பரணிலிருந்து வால்வை எடுத்துவந்தான். நான் கொடுத்த அதே கவரில், அவிழ்க்காமலே வைத்திருந்தான். பாவாயி வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். தாய்மார்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கரியைச் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. ஒருத்தி சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். தகட்டைக் கழற்றினேன், சர்க்யூட்டைப் பிடுங்கிப் போட்டேன், வால்வை மாட்டினேன். மூன்று மணி நேரம் என்று சொல்லியிருந்தேன், மூன்றரை ஆயிற்று.

சாவியைத் திருப்பியதும் பின்னால் குபுக்கென்று கருப்பாகப் புகை வந்தது. எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஒருத்தி, முன்னால் எவ்வளவு நன்றாக இருந்தது, இப்படிக் கெடுத்துவிட்டீர்களே என்றாள்.

பயப்படாதீர்கள், இந்தக் கருப்பு கொஞ்சத்தில் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அதுதான் பெரிய கெடுதல், அது இனிமேல் குறையும் என்றேன். சொல்லும்போதே என் வார்த்தைக்கு எடையில்லை என்று எனக்குத் தெரிந்தது. சுத்தமான புகை என்று அவர்கள் நினைத்தபோது சும்மா இருந்தவள் நான். இப்போது அழுக்கான புகையைக் காட்டி இதுதான் நல்லது என்கிறேன். அவர்கள் எதை வைத்து நம்புவார்கள்? வண்டி ஏழாவது வளைவில் நிற்காது என்பதையும் அதே வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அறப்பளி வண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஒரு தடவை போய்வந்தான். நிற்கவில்லை, முன்னைப் போலப் பாயவும் இல்லை, ஏறுகிறது என்றான். எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். காவல் யாருக்கோ அவள்தானே முடிவு சொல்ல வேண்டும்.

பாவாயி வாசல்படியில் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆறு வருடமாக அவள் யாரிடமும் அந்த ஏழாவது வளைவைப் பற்றிப் பேசியதில்லை என்று பிறகு அறப்பளி சொன்னான்.

"வண்டி இங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுல நிக்கட்டும். எனக்குச் சத்தமும் வேண்டாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அது ஏறும்னு சொன்னவங்க இங்க இருக்கட்டும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், குழந்தை பிறக்கிற வரைக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. வண்டிக்குப் பதில் நான் காவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. தங்கைக்குப் போன் பண்ணி, பட்டறைக்கு ஷட்டரை இழுத்துவிடு, வருகிறவர்களிடம் மாதேஸ்வரி மலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். குழந்தையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

பதினாறு நாள் அங்கே இருந்தேன். சமையலுக்கு உதவி செய்யப் போய், உப்புப் போடத் தெரியவில்லை என்று திட்டு வாங்கினேன். தினமும் காலையில் வெயில் ஏறிய பிறகு மேட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, நன்றாக இருக்கிறது என்று பாவாயியிடம் சொல்வேன். முதல் மூன்று நாள் அவள் கண்ணை மூடவே இல்லை. நாலாவது நாள் மத்தியானம்தான், நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, அவள் அசந்து தூங்கியதைப் பார்த்தேன்.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு வலி வந்தது. அறப்பளி மேட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தான். பின்சீட்டில் அவள் பக்கத்தில் நான் ஏறினேன். அவன் இரண்டாவது கியரிலேயே பொறுமையாக ஏற்றினான். நான் காதைத் தீட்டிக்கொண்டு இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாவாயி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். எத்தனை வளைவு தாண்டினோம் என்று இருவருமே எண்ணவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது என்று அறப்பளி சொன்னபோதுதான் என் முழங்கையை அவள் விட்டாள். அங்கே நகம் பதிந்திருந்தது.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. அறப்பளி வராண்டாவில் திரும்பிக்கொண்டு நின்று அழுதான். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இப்போது மூச்சுத் தாள் எடுப்பது வழக்கம். மறுநாள் ரெஜினாவே கொண்டுவந்தார். அந்தக் குழந்தை குழிவளவின் காற்றை ஒரு தடவைகூட இழுத்ததில்லை. ஆனாலும் தாளில் ஒரு வண்டி எண் இருந்தது. தாயின் ரத்தம் வழியாகப் போயிருக்கிறது. நான்கு புள்ளி.

பத்துக்குக் கீழே, அதனால் யாரும் வரவேண்டியதில்லை என்று ரெஜினா சொன்னார்.

நானும் அறப்பளியும் உள்ளே போய், தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தோம்.